எட்டு வருடம் பேர்டோடு: இன்டர்ஃபேஸைக் கையாளும் விதம் பிரமாதம், ரவுட்டர் ஐடி விஷயத்தில் மட்டும் மன்னிக்க முடியவில்லை

போன வாரம் பழைய சக ஊழியர் ஒருவர் கேட்டார். "அண்ணே, புதுசா நாலு லினக்ஸ் பெட்டியை ரவுட்டராக்கப் போறோம், பேர்ட் போடவா, எஃப்ஆர்ஆர் போடவா?" இரண்டுமே லினக்ஸ் பெட்டியை ரவுட்டராக இயக்கும் மென்பொருள்கள். சாதாரண நாளாக இருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். அதற்கு மூன்று நாள் முன்புதான் பேர்டோடு ஒரு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியிருந்தேன், அந்தச் சூடு ஆறவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐபிவி4-க்கு ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), ஐபிவி6-க்கு இன்னொரு டீமன் என்று தனித்தனியாக ஓட்டிய 1.6 காலத்திலிருந்து நான் பேர்ட் பயன்படுத்துகிறேன். வெறும் கான்ஃபிக் எழுதுவதோடு நிற்கவில்லை. எங்கள் டனல்கள் எனும் மெய்நிகர் இணைப்புகளின் நிலையைக் கிளைகளுக்குள் பரிமாறிக்கொள்ள, பேர்டின் நிரலுக்குள்ளேயே சின்னதாக ஒரு புரோட்டோகால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். அதனால் பிஜிபி வேகம், ஃபில்டர் மொழி பற்றியெல்லாம் நான் இங்கே பேசப்போவதில்லை, அவை எல்லாருக்கும் தெரிந்தவை. நான் தினமும் தொடுவது இன்டர்ஃபேஸும் (பெட்டியின் வலை இணைப்பு முனை) அதன் ஐபி முகவரியும் உள்ளே வந்து சேரும் அந்த அடித்தளத்தைத்தான்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள், லினக்ஸ் கெர்னல் என்னென்ன செய்யும் என்று ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு இன்டர்ஃபேஸில் ஒரே சப்நெட்டில் மூன்று ஐபிவி4 முகவரி இருக்கிறது, முதலாவதை அழித்தால் மற்ற இரண்டும் கூடவே போய்விடும், அதற்கென்று இருக்கும் சிசிடிஎல் என்ற கெர்னல் அமைப்பை மாற்றியிருந்தால்தான் அடுத்தது முதன்மையாகும். இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றினால் ஐபிவி4 முகவரி அப்படியே இருக்கும், கையால் கொடுத்த ஐபிவி6 முகவரி காணாமல் போயிருக்கும். டனல் அறுந்து மறுபடி வந்தால் பெயர் அதேதான், இன்டெக்ஸ் எண் புதிது. புது ஐபிவி6 முகவரி என்றால், வேறு யாரும் அதை வைத்திருக்கிறார்களா என்று கெர்னல் சோதித்து முடிக்கும்வரை அதை ஒரு நிரல் தன் முகவரியாக எடுத்துப் பயன்படுத்த (பைண்ட் செய்ய) முடியாது. இதையெல்லாம் கெர்னல் சொல்லி அனுப்பும் நெட்லிங்க் செய்திகளும் பஃபர் நிரம்பினால் தொலைந்துபோகும். ஒரு ரவுட்டிங் டீமன் எழுதுபவர் இத்தனைக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

பேர்ட் இதைச் செய்திருக்கும் அழகை நான் இன்றும் ரசிக்கிறேன். இன்டர்ஃபேஸ் ஏறும்போது முதலில் இன்டர்ஃபேஸ் வந்தது என்று என் புரோட்டோகாலுக்குச் சொல்லும், அப்புறம்தான் அதன் முகவரிகள் ஒவ்வொன்றாக வரும். இறங்கும்போது நேர்தலைகீழ், முகவரிகள் எல்லாம் போனபின் கடைசியாக இன்டர்ஃபேஸ். பந்தல் போட்டால் கால் முதலில், கூரை பிறகு, பிரிக்கும்போது கூரைதான் முதலில் என்பது போல. இந்த வரிசை ஒருபோதும் மாறாது என்ற நம்பிக்கையில், இல்லாத இன்டர்ஃபேஸில் முகவரி வந்துவிட்டதா என்று பார்க்கும் பாதுகாப்புச் சோதனைகள் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை, எட்டு வருடத்தில் அதனால் ஒருமுறைகூட விழவில்லை. இன்டெக்ஸ் மாறிய டனலையும் இப்படித்தான், மாற்றம் பெரிது என்று கண்டால் பழையதை முறைப்படி இறக்கிவிட்டுப் புதியதாக ஏற்றிக் கொடுக்கும், என் நிரலுக்கு அது ஒரு தனிப் பிரச்சினையே இல்லை.

தொலைந்த செய்திகளுக்கும் வழி இருக்கிறது. டிவைஸ் என்ற புரோட்டோகால் ரூட் எதையும் உண்டாக்காது, இன்டர்ஃபேஸ் பட்டியலைக் கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. செய்தி வந்தாலும் வராவிட்டாலும் 60 நொடிக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் கெர்னலிடம் கேட்கும். கேட்பதற்கு முன் எல்லாவற்றின் மீதும் உள்ள 'பார்த்தாயிற்று' குறியை அழித்துவிட்டு, வந்தவற்றுக்கு மட்டும் குறி போட்டு, கடைசியில் குறியில்லாமல் நிற்பதை இறக்கிவிடும். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல எளிய முறை. வேறொரு டீமனில் செத்துப்போன டனல் முகவரி மணிக்கணக்காக உயிரோடு தெரிந்த அவதியை அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன், இது பெரிய நிம்மதி.

சரி, இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

பேர்டுக்கு ரவுட்டர் ஐடி, அதாவது ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண், கொடுக்காமல் விட்டால் அதுவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். விதி என்னவென்றால், லூப்பேக் (எந்தக் கேபிளோடும் சேராமல் பெட்டிக்குள்ளேயே இருக்கும் இன்டர்ஃபேஸ்) அல்லாத இன்டர்ஃபேஸ்களில் இருக்கும் மிகச் சிறிய ஐபிவி4 முகவரி. எங்கள் இணைப்புகள் எல்லாம் 192.168-இல் தொடங்குபவை, ரவுட்டருக்கான நிரந்தர முகவரியை எல்லாரையும் போல லூப்பேக்கில் வைத்திருக்கிறோம். சில மாதங்களுக்கு முன் இரண்டு ரவுட்டர்களில் கண்காணிப்புக்காக கன்டெய்னர் மென்பொருள் ஏற்றினார்கள், அது தானாகவே ஒரு பிரிட்ஜ் (மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) உருவாக்கி அதற்கு 172.17.0.1 கொடுத்தது. இரண்டு பெட்டியிலும் அதே எண். அன்று ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் பேர்ட் ஏற்கெனவே எடுத்த ஐடியோடு ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் பதிப்பு உயர்த்த இரண்டையும் நிறுத்தித் தொடங்கினேன், இரண்டும் போய் 172.17.0.1-ஐ எடுத்துக்கொண்டன.

ரவுட்டர்கள் தங்களுக்குள் இணைப்புத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் இரண்டு ரவுட்டருக்கு ஒரே ஐடி என்றால் என்ன நடக்கும் என்று படித்திருக்கிறேன், அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒன்று அனுப்பிய அறிவிப்பை மற்றொன்று தன்னுடைய பழைய அறிவிப்பு என்று நினைத்து, வரிசை எண்ணைக் கூட்டி மறுபடி அனுப்பும், அதைப் பார்த்து இது மறுபடி அனுப்பும். சில நொடிக்கு ஒருமுறை பாதி ரூட்டுகள் வரும், போகும். இரண்டும் நேரடி அண்டை இல்லை, நடுவில் வேறு ரவுட்டர்கள், அதனால் உடனே கண்ணில் படவில்லை. முகவரி சம்பந்தப்பட்டது என்பதால் என் புரோட்டோகாலைத்தான் முதலில் சந்தேகப்பட்டு மூன்று மணி நேரம் அதையே வரிவரியாகப் படித்தேன். அதிகாலை 3:40-க்கு லாகில் அந்த வரி கண்ணில் பட்டது, இன்ன இன்டர்ஃபேஸைப் பார்த்து இன்ன ஐடி எடுத்தேன் என்று வெறும் தகவல் நிலையில் ஒரு வரி.

நியாயமாகச் சொன்னால் விதி ஆவணத்தில் தெளிவாகவே இருக்கிறது, லாகிலும் இருந்தது, ஒரு வரி கான்ஃபிக்கில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. சிஸ்கோவில் கற்றவர்கள் அத்தனை பேருக்கும் லூப்பேக் முதலில், அதில் பெரிய எண் என்பதுதான் பழக்கம். எஃப்ஆர்ஆரின் ஜீப்ரா என்ற பகுதியும் லூப்பேக்கைத்தான் முதலில் பார்க்கிறது. காரணம் இருக்கிறது, அந்த முகவரி எந்தக் கேபிள் அறுந்தாலும் மாறாது. பேர்ட் சரியாக அதைத்தான் ஒதுக்கிவிட்டு, நேற்று யாரோ ஏற்றிய பிரிட்ஜை நம்புகிறது. ஒரே இன்டர்ஃபேஸில் பல முகவரி இருந்தால் எது முதன்மை என்பதற்கும் 1.6 காலத்தில் இதே 'சிறியது எதுவோ அது' விதிதான், சோதனைக்கென்று யாராவது ஒரு சின்ன எண்ணைச் சேர்த்தால் முதன்மை அங்கே தாவிவிடும்; பேர்ட் 2-இலிருந்து முதலில் கண்ட முகவரியையே எடுத்துக்கொள்கிறது. முதன்மை மாறினால் என் நிரலுக்குச் சொல்லத்தான் செய்கிறது, கான்ஃபிக்கில் பிரிஃபர்ட் என்று எழுதி ஒன்றை நிறுத்தவும் முடியும். இன்டர்ஃபேஸ் ஏறி இறங்கும் வரிசையில் இவ்வளவு அக்கறை காட்டியவர்கள், ஒரு ரவுட்டரின் அடையாளத்தை எண்களில் எது சிறியது என்ற கணக்குக்கு விட்டுவிட்டார்களே என்பதுதான் வருத்தம்.

அவருக்கு எஃப்ஆர்ஆர் போடுங்கள் என்று எழுதிவிட்டேன். "அப்போ நீங்களும் மாறுறீங்களா?" என்று உடனே கேட்டார். இல்லை, நான் மாறவில்லை, அந்த ஏறும் இறங்கும் வரிசையை விட்டுவிட்டு என் நிரலை வேறு எங்கும் கொண்டுபோக எனக்கு மனமில்லை. அடுத்த மாதம் கேட்டிருந்தால் அவருக்கும் பேர்ட் என்றே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதையும் மீறி பேர்ட்தான் என்று முடிவெடுத்தால், டிவைஸ் பகுதியை எழுதுவதற்கும் முன்னால், கான்ஃபிக்கின் முதல் வரியாக நாலு பெட்டிக்கும் நாலு ரவுட்டர் ஐடியைக் கையால் எழுதச் சொல்லியிருக்கிறேன்.