மாலகைட்: யூரல் கல்லா, காங்கோ கல்லா?

பச்சை வரியோடும் அலங்காரக் கல்லான மாலகைட் வாங்கப் போனால், "பழைய யூரல் கல் மாதிரி வராது" என்று யாராவது சொல்வார்கள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் காங்கோ கல். அது மட்டமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிறப்பில் இரண்டும் ஒன்றுதான். செம்புத் தாதுவைக் கரைத்துக்கொண்டு ஊறிய நீரிலிருந்து, பாறைக் குழிகளில் படலம் படலமாகப் படிந்து இறுகியது. துலக்காமல் விட்ட செம்புக் குடத்தில் பூக்கும் பச்சைக் களிம்புக்கு நெருங்கிய சொந்தம்.

ரஷ்யாவின் யூரல் மலையில் குமியோஷெவ்ஸ்க், நிஸ்னி தாகில் சுரங்கங்கள் 19-ஆம் நூற்றாண்டில் கொடிகட்டிப் பறந்தன. பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில், 1837 தீ விபத்துக்குப் பிறகு கட்டடக் கலைஞர் பிரியுல்லோவ் அமைத்த மாலகைட் அறைக்கு மட்டும் சுமார் 2 டன் கல் போனது. அங்குள்ள தூண்கள் முழுக்கல்லில் கடைந்தவை போலத் தெரியும். அப்படி இல்லை. சில மில்லிமீட்டர் தடிமனில் கல்லை அறுத்து, வரியோடு வரி சேரும்படி ஒட்டி, இடுக்கில் மாலகைட் பொடி கலந்த பசையை அடைத்து மெருகேற்றியிருக்கிறார்கள். யூரல் கல்லின் பெயரில் பாதி அந்தக் கைகளுக்குச் சேர வேண்டியது.

காங்கோ கல், ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுக் கட்டங்கா பகுதியின் செம்பு, கோபால்ட் சுரங்கங்களிலிருந்து வருகிறது. என் மேசையில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று இருக்கிறது. நடுவில் மிளகளவு கரும்பச்சைப் புள்ளி. அதைச் சுற்றி வெளிர் வளையம், அப்புறம் இருண்டது, மறுபடி வெளிர். மரத்தைக் குறுக்கே அறுத்தது போல இருக்கிறது. விழுதாகத் தொங்கி வளர்ந்த கல்லைக் குறுக்கே வெட்டினால் இப்படித்தான் வரும். ஒட்டுவேலை எதுவும் இல்லாமலேயே இவ்வளவு அழகு. தனிக் கல்லாக வைத்துப் பார்க்க எனக்கு இதுதான் பிடிக்கிறது.

யூரலின் பழைய சுரங்கங்கள் வற்றிப்போய் நெடுநாளாகிறது. யாராவது யூரல் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், கல் வந்த வழிக்கு ஆதாரம் கேளுங்கள். பிளாஸ்டிக் போலிகளும் உண்டு. அவை லேசாக இருக்கும், தொட்டால் சில்லிடாது. அசல் கல் தண்ணீரைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு கனம்.

சரி, எதை வாங்கினாலும் மோதிரத்தில் பதிக்காதீர்கள், பதக்கமாகப் போடுங்கள். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 3.5 முதல் 4 வரைதான். கத்தி முனை பட்டாலே கீறல் விழும். எலுமிச்சையும் புளியும் பக்கத்தில் வரக்கூடாது. குடத்தின் களிம்பை எடுக்கிற அதே புளி, இதன் மெருகையும் எடுத்துவிடும்.