வக்கீல் மீது புகார் கொடுக்கும் முன் வழக்கைக் காப்பாற்றுங்கள்: எங்கள் அம்மாவுக்கு நடந்தது

அம்மாவின் பாகப்பிரிவினை வழக்கு 2022 ஆகஸ்ட் 23 அன்றே தள்ளுபடி ஆகிவிட்டது. எங்களுக்கு அது தெரிய வந்தது 2023 நவம்பரில். இடையில் இருந்த பதினைந்து மாதமும் எங்கள் வக்கீல் வாய்தா தேதி சொல்லிக்கொண்டேதான் இருந்தார். யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன். அவர் செய்ததை மட்டும் எழுதப் போவதில்லை. தெரிந்த பிறகு நாங்கள் செய்த தவறையும் எழுதுகிறேன். அதுதான் எங்களுக்கு அதிக நஷ்டம் வைத்தது.

நாங்கள் தேனி மாவட்டம். தாத்தா விட்டுப்போன தென்னந்தோப்பில் அம்மாவுக்கும் பங்கு உண்டு. தாய்மாமா தர மறுத்ததால் 2018-ல் கேஸ் போட்டோம். வக்கீல் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி வந்தவர். மரியாதையாகப் பேசுவார், அம்மாவை நிற்கவைத்துப் பேசியதே கிடையாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மா பஸ் பிடித்துப் போவார். "நீங்க ஏம்மா வெயில்ல அலையுறீங்க, சாட்சி சொல்ற அன்னிக்கு வந்தா போதும், நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் சொன்ன பிறகு கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு அவருடைய ஆபீசுக்கு மட்டும் போய்வந்தார். போகும்போதெல்லாம் குமாஸ்தா ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் அடுத்த தேதியை பென்சிலால் எழுதிக் கொடுப்பார். அந்தக் கார்டை அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார். வரிசையாகப் பதினொரு தேதி. கடைசி ஆறும், வழக்கே இல்லாமல் போன பிறகு எழுதப்பட்டவை.

கோர்ட் ஃபீஸ், கமிஷனர் பேட்டா, நகல் எடுக்க, டைப்பிங் என்று ஐந்து வருடத்தில் 86,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். அதில் 9,000 மட்டும் குமாஸ்தாவின் நம்பருக்கு போனில் அனுப்பியது. மீதி எல்லாம் ரொக்கம், ஒரு ரசீது கிடையாது. வக்கீலிடம் ரசீது கேட்பது அவமரியாதை என்று அம்மா நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைக்காதீர்கள். கட்சிக்காரரிடம் வாங்கிய பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் அந்தக் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும் என்று, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளிலேயே இருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

விஷயம் வெளியே வந்தது வில்லங்கச் சான்றால். தோப்பில் ஒரு பகுதியை மாமா விற்றுவிட்டதாக ஊரில் பேச்சு வந்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 2023 செப்டம்பரில் கிரயம் ஆகியிருந்தது. வழக்கு நடக்கும்போது எப்படி விற்றார் என்று என் தம்பி, வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் எங்கள் வழக்கு எண்ணைப் போட்டான். வாதி தரப்பில் யாரும் ஆஜராகவில்லை, தள்ளுபடி. அந்த இரண்டு வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, "வேற யார் கேஸோ, நம்பரைச் சரியாப் போடு" என்றார். மூன்று முறை போட வைத்தார்.

வக்கீலிடம் போனோம். முதலில் "கம்ப்யூட்டர்ல தப்பா ஏத்தியிருப்பாங்க" என்றார். அடுத்த வாரம், நாங்கள் ஃபீஸ் பாக்கி வைத்ததால்தான் ஆஜராகவில்லை என்றார். கேஸ் கட்டைக் கேட்டதற்கு, 15,000 பாக்கியைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை, அப்படிச் செய்வதே தொழில் ஒழுங்கீனம் என்று சுப்ரீம் கோர்ட் 2000-ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அன்று இது எங்களுக்குத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தோம்.

இதற்கு அப்புறம் நாங்கள் செய்ததுதான் தவறு.

கோபத்தில் மாநில பார் கவுன்சிலுக்கு நாலு பக்கக் கடிதம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். 2023 டிசம்பர் அது. பார் கவுன்சில் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும், வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லும், பணத்தையும் வாங்கிக் கொடுக்கும் என்று மனதார நம்பினோம். இதில் ஒன்றைக்கூட அவர்கள் செய்ய முடியாது. வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35 அவர்களுக்குக் கொடுக்கும் அதிகாரம் நாலே விதம். புகாரைத் தள்ளுபடி செய்யலாம், வக்கீலைக் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை போடலாம், வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். தள்ளுபடியான வழக்கை உயிர்ப்பிப்பது கோர்ட்டின் வேலை. அந்த மனுவை நாம்தான் போட வேண்டும், அதற்குக் கெடு தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள். தாண்டினால், தாமதத்தை மன்னிக்கக் கோரி தனி மனு போட்டு, ஏன் தாமதம் என்று விளக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடிதம் போட்டுவிட்டு தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். பிப்ரவரியில் பதில் வந்தது. கடிதமாக அனுப்பினால் போதாது, மனுவாக இருக்க வேண்டும், சிவில் வழக்கின் பிராது போலக் கடைசியில் உறுதிமொழிப் பத்தி எழுதிக் கையெழுத்திட வேண்டும், கட்டணமும் நகல்களும் ஆவணங்களும் சேர்க்க வேண்டும் என்று. எல்லாம் தயார் செய்து 2024 மார்ச்சில் மறுபடி கொடுத்தோம். உள்ளூரில் எந்த வக்கீலும் அவருக்கு எதிராக வக்காலத்து போட முன்வரவில்லை. "தினமும் முகத்துல முழிக்கணும்ல" என்று ஒருவர் நேராகவே சொன்னார். மே மாதம் பக்கத்து ஊரில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம். பேப்பரைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ரெஸ்டோர் பண்ண மனு போட்டாச்சா?"

இல்லை என்றோம். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

2024 ஜூன் 14-ஆம் தேதி மனு போட்டபோது, அந்த 30 நாள் கெடு போகத் தாமதம் 631 நாள். வக்கீல் ஏமாற்றினார், வழக்கு தள்ளுபடியானது எங்களுக்குத் தெரியாது என்று சொன்னதை நீதிபதி காதுகொடுத்துக் கேட்டார். ஆனால் மாமாவின் வக்கீல் பிடித்துக்கொண்டது வேறு இடத்தை. நவம்பரில் தெரிந்துவிட்டதே, அதற்குப் பிறகு ஏழு மாதம் என்ன செய்தீர்கள்? எங்களிடம் இருந்த ஒரே பதில், பார் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம் என்பது. அம்மாவின் வயதையும், தேதி எழுதிய அந்தக் கார்டையும் பார்த்து, 7,500 ரூபாய் எதிர்த்தரப்புக்குக் கட்டச் சொல்லி 2025 பிப்ரவரியில் தாமதத்தை மன்னித்தார்கள். வழக்கு திரும்பக் கோப்பில் ஏறியது. வேறு நீதிபதியாக இருந்தால் அந்த ஏழு மாதத்தை வைத்தே தள்ளியிருக்கலாம். அப்படியிருந்தால் தோப்பு போனது போனதுதான்.

இடையில் தம்பி நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று மனு தயார் செய்திருந்தான். 2024 மே 14 அன்று சுப்ரீம் கோர்ட், வக்கீல்களின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழி அடைபட்டது. கொடுத்த பணம் வேண்டுமென்றால் தனியாக சிவில் வழக்குதான் போட வேண்டும். அதை நாங்கள் இன்னும் போடவில்லை.

இனி அந்தப் புகார் எப்படி நகர்ந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாமல் போய்த்தான் நாங்கள் தடுமாறினோம். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிறது. மனு போனதும் முதலில் வக்கீலிடம் விளக்கம் கேட்பார்கள். புகாரில் முகாந்திரம் இருக்கிறது என்று கவுன்சில் நம்பினால்தான் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் வழக்கறிஞர். சாட்சியை அழைக்கவும், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கும் உண்டு. அதாவது அது ஒரு கோர்ட் போலத்தான் நடக்கும். சாட்சி சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணை உண்டு, சந்தேகம் இருந்தால் அதன் பலன் வக்கீலுக்குப் போகும். அழுதால் ஆகாது, காகிதம் வேண்டும்.

2024 செப்டம்பரில் வந்த பழைய வக்கீலின் விளக்கத்தைப் படித்து அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மாவே கட்டை வாங்கிக்கொண்டு, இனி ஆஜராக வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். எங்களைக் காப்பாற்றியது அந்த விசிட்டிங் கார்டும், 2023 ஜனவரியில் குமாஸ்தாவுக்கு 3,000 அனுப்பியதற்கான பேங்க் ஸ்டேட்மெண்டும். வேண்டாம் என்று சொன்னவர்கள் ஐந்து மாதம் கழித்து எதற்குப் பணம் அனுப்ப வேண்டும்?

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். தெரிந்தவர்கள்தான், காபி குடித்துவிட்டு, "அவருக்கும் பொண்ணு இருக்கு, 40,000 வாங்கிக்கிட்டு வாபஸ் வாங்கிருங்கம்மா" என்றார்கள். புது வக்கீல் இதை முன்பே சொல்லி வைத்திருந்தார். புகாரை வாபஸ் வாங்கினாலோ சமாதானம் ஆனாலோ அந்தக் காரணத்துக்காக மட்டும் விசாரணையைக் கைவிட முடியாது என்று விதி இருக்கிறதாம். ஆனால் புகார் கொடுத்தவரே சாட்சி சொல்ல வரவில்லை என்றால் விசாரணையில் என்ன மிஞ்சும்? வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பார்கள், போடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். சொன்னபடியே கேட்டார்கள். அம்மா போடவில்லை.

2025 ஜனவரியில் குழு முன்னால் முதல் விசாரணை. ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை சென்னையில் இறங்கி, லாட்ஜில் குளித்துவிட்டுப் போனோம். எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது, ஒத்திவைத்தார்கள். அடுத்த மாதம் இரண்டாவது முறை போனபோது அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். "இந்தக் கார்டில் இருப்பது யார் எழுத்து என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அவருடைய வக்கீல். அம்மா சத்தமில்லாமல் சொன்னார்: "குமாஸ்தா தம்பி எழுதினது. எதிர்ல ஸ்டூல்ல நான்தான் உட்கார்ந்திருந்தேன். பென்சில் முனை உடைஞ்சு, பிளேடால சீவிட்டு எழுதுச்சு." குழுவின் தலைவர் கார்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குமாஸ்தாவைச் சாட்சியாக அழைக்கக் கேட்டு மனு கொடுத்தோம்.

அதற்குள் ஒரு வருடம் முடிந்துவிட்டது. புகார் கிடைத்து ஒரு வருடத்துக்குள் மாநில பார் கவுன்சில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் புகார் டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்பது வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 36பி. இது கட்சிக்காரருக்காகக் கொண்டுவந்த பாதுகாப்புதான். ஆனால் அவகாசம் கேட்டே நாளைத் தள்ளினால், தேனியிலிருந்து சென்னைக்கே அலைய முடியாத ஒருவர் டெல்லிக்குப் போக வேண்டிய நிலை வருகிறது. அதனால் முதல் மனுவைக் குறையில்லாமல் கொடுங்கள். விசாரணையில் நீங்களாக ஒரு வாய்தாகூடக் கேட்காதீர்கள்.

அம்மா சோர்ந்துபோன ஒரு நாள் புது வக்கீல் பழைய மெட்ராஸ் வழக்கு ஒன்றைச் சொன்னார். ரங்கதுரை வழக்கு. காது கேட்காத ஒரு முதியவரிடம் புரோ நோட்டு வழக்குகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, வழக்கே போடாமல் போட்டதாகச் சொல்லி ஏமாற்றியது பற்றி. மாநில பார் கவுன்சில் 6 வருடம் தடை போட்டது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு, குற்றம் நிரூபணமானதை உறுதிசெய்து, தண்டனையின் ஒரு பகுதியை ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்யும் வேலையாக மாற்றியது. "அந்தப் பெரியவரும் என்னை மாதிரித்தான் நம்பியிருக்காரு" என்றார் அம்மா.

வழக்கு நடத்துகிற எல்லோரும் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக இருக்கும் 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் மாதம் ஒரு முறையாவது பாருங்கள், பைசா செலவில்லை. தள்ளுபடி, எக்ஸ்பார்ட்டி (ஒரு தரப்பு வராமலே வழக்கை நடத்துவது) என்று எதையாவது பார்த்தால், சண்டை போடவோ கடிதம் எழுதவோ போகாமல், சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிட்டு அன்றே வேறு வக்கீலைப் பாருங்கள். புகாரை அடுத்த மாதம்கூடக் கொடுக்கலாம். உள்ளூரில் யாரும் வரவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் சொல்கிறது. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். எங்கள் அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே அந்த உரிமை இருந்தது.

தோப்பு வழக்கில் அம்மாவின் சாட்சியம் தொடங்கிவிட்டது. தோப்பை வாங்கியவரையும் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறோம். புகார் சம்பந்தமாக டெல்லியிலிருந்து இன்னும் நோட்டீஸ் வரவில்லை. கார்டின் அசல் குழுவிடம் இருக்கிறது, அதன் நகல் ஒன்று அம்மாவின் ரேஷன் கார்டு உறையில் இருக்கிறது.