பம்ப் பக்கமா, மேலேறும் குழாயா?

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு குளிர்நீர் பம்ப் அறை. 200 மி.மீ. இரும்புக் குழாய்மேல், நீரோட்டத்தை வெளியிலிருந்தே ஒலியலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டரின் சென்சார்களைக் கட்ட இரண்டு இடங்கள் இருந்தன.

முதலாவது, பம்பை ஒட்டிய கிடைக்குழாய். இடுப்பு உயரம், ஏணி வேண்டாம். ஆனால் பம்பிலிருந்து ஒன்றரை மீட்டர்கூட இல்லை. வழியில் சாதாரண வளைவு இருந்தாலே, சென்சாருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேர்க்குழாய் கேட்பார்கள். அதாவது இங்கே 2 மீட்டரும் 1 மீட்டரும். பம்பைத் தாண்டிய நீர் சுழன்றுகொண்டே வரும், அதற்கு இன்னும் நிறைய வேண்டும். எண் என்னவோ திரையில் வரும், அதை நம்பத்தான் முடியாது. கிடைக்குழாய்தான் கதி என்றால், கடிகாரத்தின் 3 மணி, 9 மணிப் பக்கங்களில் கட்டுங்கள். உச்சியில் காற்று நிற்கும், அடியில் கசடு.

இரண்டாவது, நீர் மேலேறும் செங்குத்துக் குழாய். ஏணி போடவேண்டும், சரி. ஆனால் குழாய் நிறைந்தே ஓடும், காற்றும் தங்காது. நான் இதைத்தான் எடுப்பேன். நீர் கீழிறங்கும் குழாயென்றால் யோசிப்பேன்.

எந்த இடமானாலும் இன்சுலேஷனை வெட்டியதும் நம்மூர் ஈரப்பதத்தில் குழாய் வியர்த்துவிடும். பெயின்ட் உரிந்த இடத்தைத் தேய்த்து, துடைத்து, சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவே ஒலி கடக்க உடனே ஜெல் தடவுங்கள். அப்புறம் இன்சுலேஷனைத் திரும்ப ஒட்ட மறக்காதீர்கள்.