அவுட்போர்டு கார்புரேட்டர் அடைப்பு: மருந்து ஊற்றுவதா, கழற்றிக் கழுவுவதா, புதிதே மாட்டுவதா?

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் ஐட்லிங்கில் நிலையாக ஓடவில்லை, சோக் இழுத்தால்தான் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் ஸ்லோ ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளைத் திருகு) அடைத்திருக்கும். முழு ஆக்சிலேட்டரில் மட்டும் திணறினால் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். திணறும் நேரத்தில் பெட்ரோல் லைனில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியதும் எஞ்சின் தெளிந்தால் கோளாறு பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்திலோ (சவ்வு), காற்று இழுக்கும் இணைப்பிலோ இருக்கிறது. பல்பு சப்பிப் போனால் டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கும், அல்லது டேங்கினுள் வலை அடைத்திருக்கும். பல்பு இறுகாமல் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்தால், பெட்ரோல் வரவை நிறுத்தும் நீடில் வால்வு மூடவில்லை.

இவை தெளிந்த பிறகு, பவுலின் (கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சில நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாகத் திரண்டு நிற்பது தண்ணீர். பழுப்பு நிறமும் புளித்த நெடியும் பழைய பெட்ரோல். வெள்ளைப் பொடி வந்தால் அலுமினியமே அரித்துக்கொண்டிருக்கிறது. எந்த வழிக்குப் போவது என்பதை இந்தக் குப்பிதான் தீர்மானிக்கும்.

டேங்கில் ஊற்றும் கிளீனருக்கு லேசான படிவு மட்டுமே அடங்கும். ஜெட் வழியே ஓடினால்தானே அது கரைக்கும்? முழுதாக அடைத்த துளைக்குள் அது போகவே போகாது. தண்ணீரையும் அரிப்புப் பொடியையும் ஒன்றும் செய்யாது. எஞ்சினை நாள்கணக்கில் நிறுத்தி வைக்கும் முன், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி 10 நிமிடம் ஓட்டுவது நல்ல பழக்கம். அடைத்த பிறகு மருந்தை நம்பி நாளைக் கடத்துவது வீண்.

கழற்றிக் கழுவுவதே பெரும்பாலான கோளாறுக்குச் சரியான வழி. கில் ஸ்விட்ச் கயிற்றை எடுத்து, பிளக் கேப்பைக் கழற்றுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வைக்க அதுதான் அளவு. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை எடுத்துவிட்டுத்தான் கிளீனர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓ-ரிங் உப்பிவிடும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான். அதை வெளிச்சத்தில் பிடித்தால் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. இரும்புக் கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகி, அதன் பிறகு அளவே நிற்காது. நைலான் இழை போதும். கண்ணாடி அணிந்து, எல்லா வழிகளிலும் கம்ப்ரசர் காற்று அடியுங்கள். பலர் தவறவிடுவது, ஆக்சிலேட்டரோடு திறந்து மூடும் த்ராட்டில் தட்டின் விளிம்பருகே உள்ள நுண்துளைகளை. அவை அடைத்திருந்தால் ஐட்லிங் சரியாக இருந்தாலும் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் தடுமாறும். நீடிலின் நுனியில் வளையத் தடம் தெரிந்தால் மாற்றுங்கள். காஸ்கெட் கிட் புதிதாகவே போடுங்கள். பவுலில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகப்படி வையுங்கள். அப்படியும் திறக்காத வழிகளுக்கு அல்ட்ராசோனிக் தொட்டி உதவும். காரம் மிகுந்த கரைசல் மட்டும் வேண்டாம், அலுமினியம் கறுத்துவிடும்.

புதிது வாங்க இந்த மூன்றில் ஒரு காரணம் போதும்: கார்புரேட்டரின் உடம்பு அரித்துக் குழி விழுந்திருப்பது, த்ராட்டில் ஷாஃப்ட் ஆடிக் காற்று இழுப்பது, ஜெட் மரை போய்விட்டது. மலிவான மாற்றுப் பொருளில் பயப்பட வேண்டியது ஜெட் அளவு. ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக்கில் 50:1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். ஜெட் சிறிதாக இருந்து பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறையும். சூடு ஏறி பிஸ்டன் பிடித்துவிடும். மாட்டும் முன் பழைய, புதிய ஜெட்களின் எண்ணை ஒப்பிடுங்கள். பிறகு படகைத் தண்ணீரில் இறக்கி, சுமையோடு சிறிது தூரம் முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளுத்திருந்தால் அந்தக் கார்புரேட்டரோடு மேலே ஓட்டாதீர்கள்.