ஆலைக் கணக்குக்கு எஸ்கியூலைட்டா, போஸ்ட்கிரஸா?

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு மென்பொருள் எழுத உட்கார்ந்தபோது, முதல் தகராறு கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தில் வந்தது. "பெரிய கம்பனிகள் பாவிக்கிறதையே போடுங்கள் தம்பி" என்றார் முதலாளி. அவர் மனதில் இருந்தது போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம். என் மனதில் இருந்தது எஸ்கியூலைட் என்ற இன்னொன்று.

1986இல் அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போஸ்ட்கிரஸுக்கு நான் குறை சொல்லமாட்டேன். பலர் ஒரே நேரத்தில் எழுதினாலும் குழம்பாது. யார் எதைப் பார்க்கலாம் என்று உரிமை பிரிக்கலாம். ஆனால் அது ஒரு சேவையகம், அதாவது பின்னணியில் எந்நேரமும் தனியாக ஓடவேண்டிய மென்பொருள். ஒரு காலையில் அது எழும்பாவிட்டால் கல்முனையிலிருந்து நான்தான் ஓடவேண்டும்.

எஸ்கியூலைட் பிறந்ததே இந்தத் தொல்லையில்தான். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான வேலையில், தரவுத்தளச் சேவையகம் விழுந்தால் மென்பொருளும் முடங்கியது. அதைப் பார்த்த ரிச்சர்ட் ஹிப், சேவையகமே இல்லாத ஒன்றை 2000இல் வெளியிட்டார். தரவு முழுவதும் ஒரே கோப்பில். நடுவில் மின்சாரம் நின்றாலும் அரைகுறைப் பதிவு தங்காது. நமக்கு எளிது, அதை எழுதுகிறவர்களுக்கு இல்லை. சுமார் ஒன்றரை இலட்சம் வரி நிரலைச் சோதிக்க, அதைப்போல ஏறத்தாழ 590 மடங்கு சோதனை நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மிச்சச் சுமை என் தலையில் விழுந்தது. எண் கேட்கும் இடத்தில் "பன்னிரண்டு மூடை" என்று எழுத்தில் அடித்தாலும் எஸ்கியூலைட் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறது. இப்படிப்பட்டதை மறுக்கும், 2021இல் வந்த கண்டிப்பான அட்டவணை முறையை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பைக் காக்கும் விதியும் வழமையாக அணைந்தே கிடக்கும். இது எனக்கு இன்றும் எரிச்சல்.

எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம் என்பது பெரிய குறையாகப் பேசப்படுகிறது. பெரும்போக அறுவடையிலும் தராசில் ஒரு நேரத்தில் ஒரு லொறிதானே ஏறுகிறது! நாளை அக்கரைப்பற்றில் கிளை திறந்தால் கதை வேறு. அந்தக் கோப்பை வலையமைப்பில் பகிர்ந்து இரண்டு இடத்திலிருந்தும் எழுதுவது தரவைக் கெடுக்கும் வழி. அன்றைக்கு வெட்கப்படாமல் போஸ்ட்கிரஸுக்கு மாறிவிடுவேன்.

இப்போதைக்கு எஸ்கியூலைட்தான். திரையில் மூன்றே பொத்தான்கள். "இதற்கா இவ்வளவு காசு?" என்று முதலாளி கேட்டார். முதல் வரைவில் பதினான்கு இருந்தன. மற்றப் பதினொன்றையும் கழற்றப் போன வாரங்களைப் பற்றுச்சீட்டில் எந்தப் பெயரில் எழுதுவது?