ஈயக் குழாய்: பாஸ்பேட்டா, பாதி மாற்றமா, முழு மாற்றமா?

குடிநீரில் இறங்கினால் நஞ்சாகும் ஈயத்தால் (lead) ஆன புதிய குழாய்களை அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடை செய்தது. ஏற்கெனவே மண்ணுக்குள் கிடந்தவை அப்படியே கிடந்தன. சிகாகோவில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் வீட்டு இணைப்புகள் இத்தகையவை. நிலவறைக்குள் தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்தை ஒரு நாணயத்தால் சுரண்டிப் பார்த்தால் போதும்: மங்கிய சாம்பல் நிறத்தின் அடியில் வெள்ளிபோல் மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால், அது பெரும்பாலும் ஈயமே.

இதற்கு நகரங்கள் கையாண்ட முதல் வழி, குடிநீரில் ஆர்த்தோபாஸ்பேட் என்ற பாஸ்பேட் வகை வேதிப்பொருளைக் கலப்பது. அது குழாயின் உட்சுவரில் கரையாத படலமாகப் படிந்து, ஈயம் நீரில் இறங்குவதைக் குறைக்கிறது. ஒரு குழியும் தோண்டாமல் ஊர் முழுவதையும் ஒரே சமயத்தில் காக்கலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் அந்தக் காப்பு நீரின் வேதியியலை நம்பியே நிற்கிறது. வாஷிங்டனில் 2000-ஆம் ஆண்டு கிருமிநீக்கத்துக்குக் குளோரினுக்குப் பதிலாகக் குளோராமின் பயன்படுத்தப்பட்டபோது, குழாய்களின் உள்ளே இருந்த பழைய படிவு கரைந்து ஈயம் ஏறியது. 2004-இல் பாஸ்பேட் கலக்கத் தொடங்கிய பிறகே அது இறங்கியது. ஃபிளிண்ட் நகரம் 2014-இல் ஆற்றுநீருக்கு மாறியபோது அந்தப் பாஸ்பேட்டைக் கலக்காமல் விட்டதால் குடிநீரில் ஈயம் ஏறியதை உலகமே அறியும்.

இரண்டாவது வழி, சாலையிலிருந்து வீட்டு எல்லைவரை உள்ள பகுதியை மட்டும் நகரம் மாற்றிவிட்டு, மீதியை வீட்டுக்காரர் பொறுப்பில் விடுவது. மூன்றிலும் மோசமானது இதுவே என்பது என் உறுதியான கருத்து. ரம்பத்தால் அறுக்கும்போது படிவுகள் பெயர்ந்து நீரில் கலக்கின்றன. புதிய செம்பும் பழைய ஈயமும் சேரும் இணைப்பில் மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. பணமும் செலவாகி, சில காலத்துக்கு ஈயமும் கூடுகிறது.

எஞ்சியது முழு மாற்றம். ஏரிகளில் பாசி பெருகும் என்று அஞ்சிப் பாஸ்பேட்டைத் தவிர்த்த விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரம், 2001-இல் தொடங்கிச் சுமார் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 8,000 குழாய்களை மாற்றியது. வீட்டுக்காரரின் செலவில் பாதியை, 1,000 டாலர் வரம்புக்குள், நகரமே திருப்பித் தந்தது. நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரம் இன்னும் துணிந்தது. குடியிருப்போரில் பலர் வாடகைக்காரர்கள் என்பதால், உரிமையாளரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் வேலை செய்ய வழிசெய்யும் விதியை இயற்றி, ஒரு காசும் வாங்காமல், மூன்றே ஆண்டுகளுக்குள் சுமார் 23,000 குழாய்களை மாற்றியது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருப்பது யாருடைய குழாய் என்ற வழக்கைத் தீர்க்காத ஊரில் தோண்டும் வேலை நகராது என்பதை நியூவார்க்கின் வேகம் காட்டுகிறது.

கூட்டரசின் 2024-ஆம் ஆண்டு விதி பெரும்பாலான நகரங்களுக்குப் பத்தாண்டுக் கெடு வைத்திருக்கிறது. முறை வரும்வரை, ஈயத்தை நீக்குவதாகச் சான்று பெற்ற வடிகட்டி தேவை. கொதிக்கவைத்தால் ஈயம் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குழாய் மாற்றிய பிறகும் எல்லாக் குழாய்களையும் திறந்து நீரை ஓடவிட்டு, குழாய்முனைச் சல்லடைகளைக் கழற்றிக் கழுவி, ஆறு மாதம் வடிகட்டியைத் தொடர்வது அவசியம்; கிளறிவிடப்பட்ட துகள்கள் அதுவரை வந்துகொண்டிருக்கக்கூடும்.