ஹோஸ்டுக்குள் ஓடும் பிளகினுக்குக் கவரேஜ்: ஜிகாவும் கிளாங்கும்

தனியாக ஓடும் நிரலுக்குக் கவரேஜ் (டெஸ்டின்போது எந்தெந்த வரிகள் ஓடின என்ற கணக்கு) எடுப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்பைல் செய்யும்போது ஒரு ஆப்ஷன் சேர்த்தால், நிரல் முடியும்போது கணக்கு கோப்பில் வந்து விழும். அடுத்தவர் எழுதிய ஹோஸ்ட் நிரலுக்குள் போய் உட்காரும் பிளகினுக்கு இது அவ்வளவு லேசில் வராது. எங்களுடையவை லினக்ஸில் ஓடும் சி++ பிளகின்கள். ஹோஸ்டின் சோர்ஸ் எங்களிடம் கிடையாது. முதலில் ஜிசிசி கம்பைலரின் ஜிகாவ் (gcov), அப்புறம் கிளாங் கம்பைலரின் கவரேஜ் என்று பல வருடம் இரண்டோடும் குடும்பம் நடத்தியாயிற்று.

எந்த வரி ஓடியது என்று எண்ணுவதில் இரண்டுமே சோடை போனதில்லை. எண்ணியதை எப்போது எழுதுவது என்பதில்தான் தலைவலி. ஜிகாவ் எண்ணிக்கையை நினைவகத்தில் வைத்திருந்து, நிரல் ஒழுங்காக முடியும்போதோ லைப்ரரி (இங்கே நம் பிளகின்) நினைவகத்திலிருந்து நீக்கப்படும்போதோதான் ஜிசிடிஏ (.gcda) என்ற கணக்குக் கோப்பில் எழுதும். நிறைய ஹோஸ்ட்கள் பிளகினை அப்படி நீக்குவதே இல்லை. சீக்கிரம் மூட வேண்டும் என்று சில, வழக்கமான முடிவு வேலைகளைத் தவிர்த்துவிட்டு நேராக வெளியேறிவிடும். டெஸ்ட் ஓட்டும் கருவி பொறுமை இழந்து கில் செய்தாலும் இதே கதிதான். டெஸ்ட் பாஸ், கவரேஜ் காலி.

அதனால் பிளகினிலேயே ஒரு ஃபங்ஷன் வைத்து, டெஸ்ட் முடிந்ததும் அங்கிருந்து, எண்ணியதை உடனே கோப்பில் எழுதும் ஜிகாவின் டம்ப்பைக் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு லைப்ரரிக்குள்ளும் ஜிகாவின் தனிப் பிரதி ஒன்று இருக்கும். ஆகவே ஒரு பிளகினில் கூப்பிட்டால் பக்கத்துப் பிளகினின் கணக்கு எழுதப்படாது. எல்லாவற்றிலும் இந்த ஃபங்ஷன் வேண்டும். ஒரு முறை டம்ப் செய்த பிறகு ரீசெட் செய்யாவிட்டால் (எண்ணிகளைப் பூஜ்யமாக்காவிட்டால்) அடுத்த டம்ப் சத்தமில்லாமல் ஒன்றுமே செய்யாது. இது தெரியாதவர்கள் பாதிக் கணக்கை முழுக்கணக்கு என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். இதே வேலைக்குப் பழைய ஸ்கிரிப்ட்களில் இருக்கும் ஃப்ளஷ் ஃபங்ஷன் ஜிசிசி 11-இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாதை விவகாரம் சின்னது. ஜிகாவ், கம்பைல் நடந்த கணினியின் முழுப் பாதையிலேயே எழுதப் பார்க்கும். டெஸ்ட் வேறு கணினியில் என்றால், பாதையின் முன்பகுதியை மாற்றும் சூழல் மாறியை அமைத்தால் சரி. ஹோஸ்ட் தன் துணைப் புராசஸ்களைக் கிளப்பும்போது சூழல் மாறிகளைத் துடைத்துவிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிளகினில் த்ரெட்டே (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் இழை) இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஹோஸ்ட் அதைத் தன் பல த்ரெட்களிலிருந்து அழைக்கும். ஜிகாவின் எண்ணிகள் இயல்பாக அதற்குத் தயாரில்லை. நம்ப முடியாத எண்கள், சில சமயம் எதிர்ம எண்கள்கூட வரும். பல த்ரெட்கள் ஒன்றாக எண்ணினாலும் கணக்கு பிசகாத அட்டாமிக் முறையைக் கம்பைல் செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டும். வேகம் குறையும், பரவாயில்லை.

கிளாங் பக்கம் வந்ததும் நிம்மதியாக இருந்தது. ஒரே வரியில் இரண்டு நிபந்தனைகள் இருந்தால் எது ஓடியது, எது ஓடவில்லை என்று தனித்தனியாகக் காட்டுகிறது. ஆனால் இங்கேயும் ஒவ்வொரு பிளகினும் தன் கணக்கைத் தானே எழுதும். கோப்புப் பெயர் ஒன்றாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும். பெயர் வடிவத்தில் லைப்ரரிக்கான குறியையும் புராசஸ் எண்ணுக்கான குறியையும் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. எண்ணிகளை நேராகக் கோப்போடு இணைக்கும் தொடர் முறையும் உண்டு. ஹோஸ்ட் கிராஷ் ஆனாலும் அதுவரை ஓடியது கோப்பில் நிற்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். அறிக்கை எடுக்கும்போது எல்லாப் பிளகின்களையும் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். விட்டுப்போனது அறிக்கையில் வரவே வராது. கம்பைலரும் கணக்குகளை ஒன்றுசேர்க்கும் கருவியும் ஒரே பதிப்பாக இருப்பதும் முக்கியம்.

இரண்டு கருவிகளாலும் தீராத விஷயம் ஒன்று உண்டு. ஹோஸ்ட் பிளகினை லோட் செய்த உடனேயே பதிவு செய்யும் வரிகள், தொடக்க அமைப்புகள் எல்லாம் ஓடிவிடும். ஒரு டெஸ்ட்கூட எழுதாத பிளகினுக்கும் கௌரவமான சதவீதம் கிடைத்துவிடும். இப்போதெல்லாம் லோட் முடிந்ததும் எண்ணிகளைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் டெஸ்ட்டைத் தொடங்குகிறோம். எண் இறங்கியதைப் பார்த்து மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். பழைய முறைக்குத் திரும்பும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

புதிதாகத் தொடங்குபவர் என்றால் கிளாங்கையே எடுங்கள். ஹோஸ்டின் தேவையால் ஜிசிசியை விட முடியாத பிளகின்களுக்கு இன்றும் ஜிகாவ்தான் ஓடுகிறது, டம்ப் ஃபங்ஷனும் அட்டாமிக் ஆப்ஷனும் துணையோடு.